தண்ணீர் எங்கே போகிறது?

பழைய காரை வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா என்ற கேள்வி இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. ஆனால் அண்மைக் காலமாக அந்தக் கேள்வியோடு எழுதுகிறவர்களில் பலர் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள். அதற்குக் காரணம் உண்டு. 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 2,000 சிசிக்கு உட்பட்ட ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் முழுமையாக விலக்கப்பட்டன. அந்தச் சலுகை 2013 இறுதிவரை நீடித்தது. ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குள் ஹைபிரிட் கார் கிடைத்த காலம் அது. ஹோண்டா இன்சைட், ஜாஸ் ஹைபிரிட், டொயோட்டா பிரியஸ் சி என்று நம்மவர்களில் ஆசிரியர்களும் தாதியர்களும் அலுவலக ஊழியர்களும் ஆசையோடு வாங்கினார்கள். அந்தக் கார்களெல்லாம் இன்று 12 வயதைத் தாண்டிவிட்டன. கடன் கட்டி முடித்து, 'இனி நிம்மதி' என்று உட்காரும் நேரத்தில் எஞ்சின் இருமத் தொடங்குகிறது.

கெடாவிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 64. அவருடைய கடிதத்தின் சுருக்கம் இது:

"ஐயா, என் ஹைபிரிட் காருக்கு 13 வயது. காலையில் எஞ்சின் ஓடத் தொடங்கும்போது முதல் சில வினாடிகள் காரே உதறுகிறது. பிறகு சரியாகிவிடுகிறது. மாதத்துக்கு ஒருமுறை கூலண்ட் குறைகிறது. ஆனால் கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஒரு பட்டறையில் 'தண்ணீர் ஊற்றி ஓட்டுங்கள் சார், ஒன்றும் ஆகாது' என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் 'எஞ்சினையே மாற்ற வேண்டும், 6,000 ரிங்கிட்' என்கிறார்கள். என் மகனோ, 'ஹைபிரிட் பேட்டரி போனால் எல்லாம் போச்சு அப்பா, இதைத் தள்ளிவிட்டுப் புதுக் கார் எடுங்கள், தவணையில் பாதியை நான் தருகிறேன்' என்கிறான். வாரத்தில் மூன்று நாள் என் மனைவியைச் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குச் சுங்கைப் பட்டாணிக்கு அழைத்துப் போக வேண்டும். போக 30 கிலோமீட்டர், வர 30 கிலோமீட்டர். வீட்டில் வேறு கார் இல்லை. நான் என்ன செய்யட்டும்?"

மூன்று பேர் மூன்று பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் ஊற்றச் சொல்கிறார், ஒருவர் மாற்றச் சொல்கிறார், ஒருவர் விற்கச் சொல்கிறார். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை மூவருமே கேட்கவில்லை. குறைகிற கூலண்ட் எங்கே போகிறது?

நோய் தெரியாமல் மருந்து வேண்டாம்

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஒரு மூடிய பாதையில் சுற்றி வருகிறது. அது பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருள் அல்ல. மாதாமாதம் குறைகிறது என்றால் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. வெளியே ஒழுகுகிறது, அல்லது எஞ்சினுக்குள்ளே போகிறது.

தரையில் சொட்டு இல்லை என்பதால் ஒழுகலே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. தண்ணீர் பம்ப்பின் ஓரத்தில் கசியும் கூலண்ட் சூடான எஞ்சின் மேலேயே உலர்ந்துவிடும். கசிந்த இடத்தில் இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு படிவு மட்டும் இருக்கும். கோளாறு இது மட்டும்தான் என்றால் நல்ல செய்தி. பம்ப்பை மாற்றினால் வேலை முடிந்தது.

ஆனால் காலை உதறலும் கூலண்ட் குறைவும் சேர்ந்து வந்தால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் தகடு அது. அதில் சிறு விரிசல் விழுந்தால், இரவில் கார் நிற்கும்போது கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் அந்தச் சிலிண்டர் சரியாக எரியாமல் உதறும். இறங்கிய நீர் ஆவியாகி வெளியேறியதும் உதறல் நின்றுவிடும். 'பிறகு சரியாகிவிடுகிறது' என்று நாம் நினைப்பது இதைத்தான். உண்மையில் எதுவும் சரியாகவில்லை.

இந்தத் தகடு ஏன் கெடுகிறது? எரிந்த புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடியும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஏற்பாடு பல ஹைபிரிட் எஞ்சின்களில் உண்டு. இ.ஜி.ஆர். என்பார்கள். ஆண்டுக்கணக்கில் ஓடும்போது அதன் குளிர்விப்பானிலும் குழாய்களிலும் கரி படிந்து அடைத்துக்கொள்ளும். புகை எல்லாச் சிலிண்டர்களுக்கும் சமமாகப் போகாது. சில சிலிண்டர்களில் வெப்பம் கூடும். அந்த வெப்பம் கேஸ்கெட்டைத் தின்னும். 2009 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸின் 1.8 லிட்டர் எஞ்சின் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. கரியைச் சுத்தம் செய்யாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால், அதே கோளாறு மறுபடியும் வரும்.

'ஊற்றி ஓட்டுங்கள்' ஏன் ஆபத்து?

சாதாரணக் காரில் சிறிய ஸ்டார்ட்டர் மோட்டார்தான் எஞ்சினைச் சுழற்றும். சிலிண்டரில் நீர் நின்றால் அது திணறும், நமக்கும் தெரிந்துவிடும். பிரியஸ் வகை ஹைபிரிட்டில் ஸ்டார்ட்டர் கிடையாது. பெரிய மின்மோட்டார் ஒன்று எஞ்சினைப் பிடித்து வேகமாகச் சுழற்றும். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. சிலிண்டரில் நீர் அதிகமாக நிற்கும் ஒரு காலையில், அந்த மோட்டாரின் பலமே பிஸ்டனைத் தாங்கும் தண்டை வளைத்துவிடும். கேஸ்கெட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு அன்றைக்கு முழு எஞ்சினாகிவிடும்.

ஆகவே ஆசிரியர் ஐயா, நான் முதலில் சொல்வது காரைப் பற்றியது அல்ல. சோதனை முடியும்வரை இந்தக் காரில் அம்மாவைச் சுத்திகரிப்புக்கு அழைத்துப் போகாதீர்கள். மற்ற பயணங்களில் கார் நடுவழியில் நின்றால் நேரம்தான் போகும். சுத்திகரிப்பு ஒரு முறை தவறினால் உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு வாரத்துக்கு அக்கம்பக்கத்தாரிடம் உதவி கேளுங்கள், வாடகைக் கார் எடுங்கள், அல்லது மகனை அவருடைய காரோடு வரச் சொல்லுங்கள். தவணையில் பாதி தருவதாகச் சொன்ன பிள்ளை இந்த ஒரு வாரத்துக்கு மறுக்கமாட்டார்.

அந்த வாரத்துக்குள் ஹைபிரிட் வேலை தெரிந்த பட்டறையில் இந்த நான்கு சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள்:

முதலாவது, கூலண்ட் பாதையில் அழுத்தம் ஏற்றிச் சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, விட்டுப் பார்ப்பது. அழுத்தம் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது.

இரண்டாவது, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி அந்தத் துளை வழியே சிறு கேமராவை விட்டுப் பார்ப்பது. ஒரு பிஸ்டனின் தலை மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாகவோ ஈரமாகவோ இருந்தால், கூலண்ட் அங்கேதான் போகிறது.

மூன்றாவது, கூலண்டில் எரிபுகை கலந்திருக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தால் பார்ப்பது. நிறம் மாறினால் கேஸ்கெட் மேல் உள்ள சந்தேகம் உறுதியாகும். மாறாவிட்டால் மற்ற இரண்டு சோதனைகளையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நான்காவது, கணினியைப் பொருத்திப் பிழைக் குறியீடுகளையும் ஹைபிரிட் பேட்டரியின் அளவுகளையும் எடுப்பது. பி 0301 முதல் பி 0304 வரையிலான குறியீடு வந்தால் எந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று தெரியும். அந்தத் தாளை வீட்டுக்கு வாங்கி வந்துவிடுங்கள்.

இவை அனைத்திலும் எஞ்சின் நல்லதாகவே வந்தால் வியப்பதற்கில்லை. தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் பழுதான இக்னிஷன் காயிலும்கூட உதறலைத் தரும். அப்படியானால் 6,000 ரிங்கிட் பேச்சு அங்கேயே முடிந்தது.

பேட்டரி மீது பழி போடலாமா?

மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஹைபிரிட் பேட்டரி என்றென்றைக்கும் உழைக்காது. ஆனால் 'எல்லாம் போச்சு' என்பது மிகை. மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 மாட்யூல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு எவ்வளவு என்று பார்த்தாலே பேட்டரியின் உடல்நிலை தெரிந்துவிடும். வண்டி நிற்கும்போது மட்டும் பார்த்தால் போதாது. முடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் பார்க்க வேண்டும். எல்லாம் ஏறக்குறைய சமமாக இருந்தால் பேட்டரி இன்னும் உழைக்கும். ஒன்று மட்டும் தனியே சரிந்தால் எச்சரிக்கை. அந்த ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. செலவு குறைவுதான். ஆனால் மற்றவையும் அதே வயதுடையவை என்பதால் அடுத்தது எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

இரண்டு சின்ன விஷயங்களை வீட்டிலேயே பார்க்கலாம். பின்னிருக்கைக்குப் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்று போகும் துளை இருக்கும். நாம் பையையும் தலையணையையும் அதன்மேல் வைத்து அடைத்துவிடுவோம். தூசி சேர்ந்த காற்றாடியும் அடைபட்ட துளையும் நல்ல பேட்டரியைக்கூடச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அடுத்தது, ஹைபிரிட் காரிலும் 12 வோல்ட் சிறு பேட்டரி ஒன்று உண்டு. அது பலவீனமானால் எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிந்து மிரட்டும். பெரிய பேட்டரி போய்விட்டதாக நினைத்துப் பயப்படுவதற்கு முன் அதை அளந்து பாருங்கள். ஆனால் ஆரஞ்சு நிற வயர்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அதில் ஓடுவது உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம்.

எல்லா ஹைபிரிட்டும் ஒரே மாதிரியும் அல்ல. இன்சைட், ஜாஸ் போன்றவற்றில் மோட்டார் எஞ்சினுக்குத் துணை மட்டுமே. பெரிய பேட்டரி சோர்ந்தாலும் எஞ்சினைத் தொடங்க வேறு வழி உண்டு. பிரியஸ் வகையில் பெரிய பேட்டரி செத்தால் எஞ்சின் தொடங்காது. எனவே பேட்டரியின் பலம் உங்கள் முடிவில் எவ்வளவு எடை பெறும் என்பது கார் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

காகிதமும் பேனாவும்

இப்போது கணக்குக்கு வருவோம். வாரத்துக்கு 180 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு 9,360 கிலோமீட்டர். 2025 செப்டம்பர் 30ஆம் தேதி தொடங்கிய புடி 95 திட்டத்தில் ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1 ரிங்கிட் 99 காசு. அந்த விலையிலேயே கணக்குப் பார்ப்போம். ஹைபிரிட் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தால் ஆண்டுச் செலவு 931 ரிங்கிட். சிறிய பெட்ரோல் கார் 15 கிலோமீட்டர் கொடுத்தால் 1,242 ரிங்கிட். வித்தியாசம் ஏறத்தாழ 310 ரிங்கிட், மாதத்துக்கு 26 ரிங்கிட்தான்.

ஆகவே 'எண்ணெய் மிச்சம்' என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய ஹைபிரிட்டைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். அந்த மிச்சம் ஒரு பெரிய பழுதுக்குத் தாங்காது.

மறுபக்கத்தையும் பாருங்கள். 50,000 ரிங்கிட் விலையுள்ள புதுக் காருக்கு 5,000 முன்பணம் போக 45,000 கடன். முழுக் கடன் தொகைக்கும் ஆண்டுதோறும் 3 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். 9 ஆண்டுகளில் வட்டி மட்டும் 12,150 ரிங்கிட். மாதத் தவணை 529 ரிங்கிட். கடன் முடியும்போது ஆசிரியருக்கு வயது 73. மகன் பாதி தந்தாலும் மீதிப் பாதி ஓய்வூதியத்திலிருந்துதான் போக வேண்டும். மகனுக்கும் நாளை ஒரு குடும்பச் செலவு வரலாம்.

6,000 ரிங்கிட் பழுதுச் செலவு என்பது பதினோரு மாதத் தவணைக்குச் சற்று அதிகம். பழுது பார்த்த கார் தொல்லையில்லாமல் இரண்டு ஆண்டு ஓடினால், பணக் கணக்கில் பழுது பார்ப்பதே லாபம். ஆனால் 'தொல்லையில்லாமல்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அதைச் சோதனை முடிவுதான் சொல்ல வேண்டும்.

முடிவு எப்படி?

சோதனையில் கசிவு வெளியேதான், கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று வந்தால், பழுதான பாகத்தை மாற்றி, இ.ஜி.ஆர். பாதையைச் சுத்தம் செய்து, காரை வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ்கெட் போயிருக்கிறது, ஆனால் தண்டு வளையவில்லை, எஞ்சின் ஆயில் பெரிதாகக் குறையவில்லை, ஹைபிரிட் பேட்டரியும் நலம், அடிப்பகுதியில் துருவும் இல்லை என்றால் பழுது பார்க்கலாம். அப்போது நான்கு வேலைகள் ஒன்றாக நடக்க வேண்டும். சிலிண்டர் தலையைக் கடைசலில் சோதித்துச் சமப்படுத்துவது, கேஸ்கெட், இ.ஜி.ஆர். குளிர்விப்பானும் குழாய்களும், தண்ணீர் பம்ப். இவற்றை எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்ததும் முதல் ஒரு மாதம் உள்ளூரில் மட்டும் ஓட்டிப் பார்த்து, கூலண்ட் குறையவில்லை என்று உறுதியான பிறகு சுங்கைப் பட்டாணிக்கு எடுத்துப் போங்கள்.

தண்டு வளைந்துவிட்டது, அல்லது ஆயிலையும் குடிக்கிறது, பேட்டரியும் சோர்ந்திருக்கிறது என்றால் 6,000 ரிங்கிட்டை அதில் போடாதீர்கள். பெட்டிக்குள் வருகிற ஜப்பானியப் பழைய எஞ்சினைப் போடலாம் என்பார்கள். அந்த எஞ்சினுக்கும் கிட்டத்தட்ட உங்கள் காரின் வயதுதான். அதன் இ.ஜி.ஆரிலும் கரி இருக்கும். சுத்தம் செய்யாமல் ஏற்றினால், பழைய நோயைப் பணம் கொடுத்து வாங்கியதாகிவிடும்.

இந்த நிலையில் 'பழைய கார் அல்லது புதுக் கடன்' என்று இரண்டே வழி இருப்பதாக நினைக்கத் தேவையில்லை. காரை உள்ள நிலையில் விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடு பழுதுக்கு வைத்திருந்த 6,000 ரிங்கிட்டையும் மகன் தருவதாகச் சொன்னதில் ஒரு பங்கையும் சேர்த்து, சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் உள்ள சிறிய பழைய காரைக் கடனில்லாமல் வாங்கலாம். மைவி போன்ற கார்களுக்கு எந்தச் சிற்றூரிலும் பாகம் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் கிடைப்பார். ஆண்டுக்கு 310 ரிங்கிட் பெட்ரோல் கூடும். நடுவழியில் நின்றாலும் பக்கத்துப் பட்டறையே போதும். வாரம் மூன்று முறை தவறவே கூடாத பயணம் உள்ள வீட்டுக்கு அது பெரிய வசதி.

விற்கும்போது ஒரு சொல்

ஹெட் கேஸ்கெட் கசிவை அடைக்க ஒரு பாட்டில் திரவம் விற்கிறது. ஊற்றினால் சில வாரம் அடங்கும். அந்த இடைவெளியில் காரை யார் தலையிலாவது கட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. அந்தத் திரவம் கூலண்ட் பாதையின் நுண்ணிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். வாங்கியவர் பழுது பார்க்கப் போனால் செலவு இரட்டிப்பாகும். நம் வட்டாரத்தில் பழைய காரை வாங்குபவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். வேலைக்குப் போகத் தொடங்கிய தம்பியாகவோ, பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் அக்காவாகவோ இருக்கலாம். சோதனைத் தாளை அவரிடம் காட்டி, விலையைக் குறைத்துக் கொடுங்கள். குறைந்த பணத்தைவிடக் கெட்ட பெயர் நீண்ட நாள் நிற்கும்.

மற்ற வாசகர்களுக்கு

உங்கள் வீட்டிலும் பத்து வயது தாண்டிய ஹைபிரிட் இருந்தால், அது நன்றாக ஓடும்போதே மூன்று பழக்கங்களைத் தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும் காலையில், கூலண்ட் தொட்டியைப் பாருங்கள். பிரியஸ் போன்ற கார்களில் எஞ்சினுக்கு ஒன்று, மின்சாரக் கருவிக்கு ஒன்று என்று இரண்டு தொட்டிகள் இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும். அளவை ஒரு நோட்டில் தேதியோடு குறியுங்கள். ஊற்ற வேண்டியிருந்தால் கையேட்டில் சொன்ன கூலண்டையே ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

அதே நோட்டில் எஞ்சின் ஆயில் அளவையும் எழுதுங்கள். இ.ஜி.ஆர். பாதையை இதுவரை யாராவது சுத்தம் செய்திருக்கிறார்களா என்று அடுத்த சர்வீசில் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் செய்யச் சொல்லுங்கள். உதறல் வந்த பிறகு செய்வதைவிட இது எத்தனையோ மலிவு.

கார் எத்தனை வயதானது என்பதை வைத்து அதை விற்காதீர்கள். எத்தனை ஆண்டு உழைத்தது என்ற பாசத்தை வைத்து அதைக் காப்பாற்றவும் வேண்டாம். அந்த நோட்டில் உள்ள அளவு குறைகிறதா, அந்தக் காரை நம்பி யார் எங்கே போக வேண்டியிருக்கிறது என்ற இரண்டையும் வைத்து முடிவெடுங்கள்.